மென்று துப்பிய அரிசி

கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று யாராவது பீற்றிக்கொண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். சென்னையிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பைப் படிக்க வேண்டுமாம். கழுத்தைத் தடவினால் எதையோ மறைக்கிறார், காதைத் தொட்டால் பொய் சொல்கிறார், விரலை நெரித்தால் நம்பக் கூடாது என்று திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, பயந்துபோனவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தப்பு செய்யாதவர்கள் எதற்கு மேடம் பயப்பட வேண்டும் என்றார். அதற்கு மேல் நான் பேசியது அலுவலகத்தில் இன்னும் பேச்சாக இருக்கிறது. அந்த மனுஷர் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை ஒன்றும் இல்லை. அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது முழுக்க என் மாமாவுக்குச் சேர வேண்டியது.

மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். ஊரெல்லாம் வேர்க்கடலை என்று சொல்வதை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மற்ற வியாபாரிகள் மூட்டையை அவிழ்த்து, ஒரு கை அள்ளி, தோலை உடைத்துப் பருப்பைப் பார்த்து விலை சொல்வார்கள். மாமா பருப்பைப் பார்க்க மாட்டார், கொண்டுவந்தவரைப் பார்ப்பார். வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, ஒரு விலையைச் சொல்லிவிட்டு, சும்மா இருப்பார். விவசாயியின் கை எங்கே போகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

"கை பிடரிக்குப் போச்சுன்னா ஆளு அவசரத்துல கீறான்னு அர்த்தம். துண்டு நுனிய முறுக்குனான்னா முடிஞ்சுது, ஊட்ல ஏதோ ஆஸ்பத்திரி செலவு. அப்பறம் நம்ம சொல்றதுதான் வெல" என்று சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொல்வார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன். இவ்வளவு புத்திசாலி மாமா யாருக்கு இருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு வேறு திரிந்தேன்.

நாங்கள் இருந்தது விழுப்புரத்தில். அப்பாவுக்கு லாரிகளுக்கு டிங்கரிங் செய்கிற வேலை. எங்கள் வீட்டில் யாருடைய கையும் சும்மா இருந்ததில்லை. அப்பாவுக்கு மனசு சரியில்லை என்றால் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நெட்டி முறிப்பார். எல்லா விரலும் முடிந்த பிறகு மறுபடியும் முதல் விரலுக்கு வருவார், சத்தம் வராது, இருந்தாலும் இழுப்பார். நான் சடை நுனியில் கட்டியிருக்கும் ரிப்பனை வாயில் வைத்து மெல்லுவேன். என் ரிப்பன்கள் எல்லாம் நுனியில் நிறம் போய் நார் நாராகத் தொங்கும். தம்பி கைக்குழந்தை. அவன் ஒரு கையால் அம்மாவின் காது மடலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தால்தான் பால் குடிப்பான். அம்மா கட்டைவிரலால் தன் தொண்டைக் குழியைத் தடவிக்கொண்டே இருப்பாள். பால் பொங்கி வழிந்தாலும் தடவுவாள், தெருவில் யாராவது சண்டை போட்டாலும் தடவுவாள். அங்கே ஒரு இடம் லேசாகக் கறுத்தே போயிருந்தது. ஒருவர் செய்வதை இன்னொருவர் கண்டுகொள்ள மாட்டோம்.

அத்தை வீட்டுக்குப் போகிற நாட்களில் மட்டும் எல்லாக் கைகளுக்கும் வேலை கூடும். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அம்மா இறந்துபோக, அத்தைதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அதை அப்பா மறந்ததில்லை. மறக்க அத்தை விட்டதும் இல்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் நடுவில் தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, "இங்க வச்சு வளத்தேன் இவன" என்பாள். அப்பா உடனே குழந்தை மாதிரி சிரிப்பார். தன் தம்பியான அப்பாவுக்காக அத்தை திண்டிவனத்திலேயே கடைக்காரர் வீட்டுப் பெண் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாளாம். அப்பாவோ திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் அம்மாவைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றார். வாழ்க்கையில் அவர் நின்றது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அத்தை கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், அட்சதை போட்டாள், மன்னிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அத்தை புதுவீடு கட்டிக் குடிபோனாள். கீழே பளிங்கு மாதிரி டைல்ஸ், மாடிக்குப் போகிற படியில் எவர்சில்வர் கைப்பிடி. நாங்கள் விடியற்காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டோம். பசுவை உள்ளே ஓட்டி, பால் காய்ச்சி, ஊர்ச் சனம் முழுக்கச் சாப்பிட்டுப் போகிற வரைக்கும் அம்மா சமையற்கட்டிலேயே நின்றாள். விருந்தாளி மாதிரி உட்காரச் சொல்லி அவளை யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் வெயில் தாங்காமல் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே சாய்ந்தார்கள். அத்தை காதிலிருந்து ஜிமிக்கிகளைக் கழற்றினாள்.

அந்த ஜிமிக்கி எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். கனமானது, பச்சைக் கல் வைத்தது. ஒன்றில் ஒரு கல் உதிர்ந்துபோய், அதே பச்சை கிடைக்காமல் அந்த இடத்தில் ஒரு சிவப்புக் கல்லை வைத்திருந்தார்கள். "காதே அறுந்துடும்போல கீதும்மா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே படுக்கையறைக்குள் போய், கட்டில் தலைமாட்டுக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில் அத்தை அதை வைத்துவிட்டு வந்தாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தம்பி பாலுக்கு அழுதான். கூடம் முழுக்க ஆண்கள். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள்.

பால் கொடுக்கிறவள் கதவைச் சாத்தாமல் என்ன செய்வாள்?

சாயங்காலம் முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு அத்தை தட்டில் கை வைத்தபோது ஜிமிக்கி இல்லை. அவள் போட்ட சத்தத்தில் தம்பி எழுந்து அழ ஆரம்பித்தான். எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்கார வேண்டும் என்று மாமா சொன்னார். வெளி ஆட்கள் போய்விட்டிருந்தார்கள், மிச்சம் இருந்தது சொந்தக்காரர்களும் பாத்திரம் கழுவ வந்திருந்த ஒரு வேலைக்காரம்மாவும்தான். மாமா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெற்றிலையை அதக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மண்டியில் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே.

அவர் பார்வை அம்மாவிடம் வந்தபோது அவள் கட்டைவிரல் தொண்டைக் குழியில் இருந்தது.

"கதவ எதுக்கும்மா சாத்துன?"

"கொழந்தைக்குப் பால் குடுக்கறதுக்குண்ணா."

"சரி. அப்ப கை எதுக்குக் கழுத்துக்குப் போவுது?"

அம்மா சட்டென்று கையைக் கீழே இறக்கினாள். இறக்கிய கை முந்தானை நுனியைப் பிடித்துத் திரிக்க ஆரம்பித்தது. மாமா அத்தையைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, இப்ப முந்தானைக்கு வந்துடுச்சு."

கை என்றால் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? கழற்றி வைக்கிற பொருளா அது? கழுத்தில் இருந்தால் திருடி, முந்தானையில் இருந்தால் திருடி, பின்னால் கட்டினால் மறைக்கிறாள், முன்னால் கட்டினால் நடிக்கிறாள். பயந்தவர்களை மோப்பம் பிடித்து விலையைக் குறைக்கிற திறமை அந்த ஆளுக்கு இருந்தது, அதைத் திருடர்களைக் கண்டுபிடிக்கிற திறமை என்று நினைத்துக்கொண்டார். சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்காவது இது உறைத்திருக்க வேண்டும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அத்தை எழுந்துபோய் எங்கள் ஒயர் கூடையை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் கவிழ்த்தாள். தம்பியின் ஈரத் துணிகள், ஒரு பிஸ்கட் பாக்கெட், என் மாற்று ஜட்டி, அம்மாவின் உள்பாவாடை எல்லாம் அந்தப் பளபளப்பான டைல்ஸ் மேல் விழுந்தன. மாமாவின் தம்பி அம்மாவின் உள்பாவாடையைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் ஓடிப்போய் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். அப்பா சுவரோரம் நின்று நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்.

கூடையில் ஒன்றும் இல்லை என்றதும் மாமா பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு பூசாரி மஞ்சள் தடவி மந்திரித்துக் கொடுத்த பச்சரிசி. எங்கள் பக்கத்தில் பொருள் காணாமல் போனால் இப்படிச் செய்வது உண்டு. ஆளுக்கு ஒரு பிடி அரிசியை வாயில் போட்டு மெல்ல வேண்டும், முழுங்கக் கூடாது. சொல்லும்போது துப்ப வேண்டும். எடுக்காதவர் வாயில் அரிசி மாவாகி ஈரமாக வரும், எடுத்தவர் வாயில் நனையாமல் உலர்ந்து வந்து காட்டிக்கொடுத்துவிடும். மண்டியின் நாலு மூலையிலும் கேமரா மாட்டி, கைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மனிதர், வீட்டு விஷயம் என்று வந்ததும் அரிசியை நம்பினார்.

விருந்தில் மிஞ்சிய வாழை இலையை நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார்கள். பாத்திரம் கழுவ வந்த வேலைக்காரம்மாவையும் கூப்பிட்டார்கள். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் அரிசிய ஆக்கித்தான் துன்றது பழக்கம். அந்த ரூம்பு பக்கமே நான் போவல, பஸ்ஸு போய்டும், வர்றேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போயே போய்விட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. அம்மாவும் ஏன் அந்த மாதிரி சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை என்று எனக்கு அவள் மேல்தான் எரிச்சல் வந்தது.

அத்தை முதலில் மென்றாள். இலையில் வெண்ணெய் மாதிரி மாவு விழுந்தது. அடுத்து மாமா. நாள் முழுக்க வெற்றிலை போட்டு ஊறிக் கிடக்கிற வாய், அதில் கருங்கல்லைப் போட்டிருந்தாலும் நனைந்துதான் வந்திருக்கும். சிவப்பாகத் துப்பிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். மாமாவின் தம்பி, அவர் மனைவி, அத்தையின் மகன் எல்லோரும் ஏதோ பிரசாதம் சாப்பிடுகிற மாதிரி மென்று துப்பினார்கள். அப்பாவுடையது பாதி அரிசி, பாதி மாவாக வந்தது. அவர் அத்தையின் தம்பி, அதனால் அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கடைசியாக அம்மா. தம்பியை என் மடியில் வைத்துவிட்டு அரிசியை வாங்கினாள். மென்றாள். தாடை அசைவது தெரிந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கை கழுத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மாமா துப்பச் சொன்னார். அரிசி போட்டது போட்டபடி இலையில் பொலபொலவென்று விழுந்தது. மஞ்சள்கூடப் போகவில்லை.

"சாமி காட்டிக்குடுத்துடுச்சு" என்றாள் அத்தை.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டு, "அண்ணி, சத்தியமா..." என்பதற்கு மேல் வரவில்லை. அதையும் மாமா எல்லோருக்கும் சுட்டிக்காட்டினார். பேச்சு வராதது இன்னொரு சாட்சியாம். அப்பா பக்கம் திரும்பினேன். அவர் சொல்லியிருக்கலாம். இவ என் பொண்டாட்டி, இவ எடுத்திருக்க மாட்டா என்று ஒரு வார்த்தை. அவர் விரல்களை இழுத்துக்கொண்டிருந்தார், எந்த விரலிலும் சத்தம் மிச்சமில்லை.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தம்பியைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, பொட்டலத்தில் இருந்த அரிசியை வாய் கொள்ளுகிற மட்டும் அள்ளிப் போட்டு மென்றேன். மென்று மாமாவின் வெள்ளை வேட்டி மேல் துப்பினேன். நல்ல ஈரமாக, மஞ்சள் மஞ்சளாக, முழங்காலிலிருந்து கீழே வழிந்தது. "ஒங்க அரிசி பொய் அரிசி" என்று கத்தினேன். பயத்துக்கு வாய் உலரும், கோபத்துக்கு உலராது. இதைச் சொல்ல எந்தப் பூசாரியும் வேண்டாம், கோட்டு போட்டவரும் வேண்டாம். அப்பா என்னைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் கை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

விழுப்புரம் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தம்பி அவள் காது மடலை உருட்டிக்கொண்டே தூங்கிப்போனான். அப்பா எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்து, "மாமா வேட்டில துப்பலாமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக ஆத்திரம் வரும். போலீஸ், பஞ்சாயத்து என்று எதுவும் இல்லை. சொந்தத்தில் எல்லோருக்கும் சேதி போனது, அவ்வளவுதான். அம்மா ஒரு விசேஷ வீட்டுக்குள் நுழைந்தால் பெண்கள் பேசிக்கொண்டே தங்கள் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காணையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரம்மா எங்களைப் பார்த்து வாங்க வாங்க என்று வாய் நிறையச் சிரித்துவிட்டு, எழுந்துபோய் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, மறுபடியும் அதே சிரிப்போடு உட்கார்ந்தார். அம்மா அதைப் பார்த்தாள். இனிமேல் எந்த விசேஷத்துக்கும் வர மாட்டேன் என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "போவாம இருந்தா ஒத்துக்குன மாதிரி ஆயிடும்டி, பேஜாராயிடும்" என்றார். அதனால் எல்லா விசேஷத்துக்கும் போனோம்.

அம்மா மாறிக்கொண்டாள். யார் வீட்டிலும் எந்தக் கதவையும் சாத்த மாட்டாள். தம்பிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்றால் கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கொடுப்பாள். கழுத்தைத் தடவுவதை விட்டுவிட்டாள். இரண்டு கையையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி மடியில் விரித்து வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்காருகிற மாதிரி உட்காருவாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கை கழுத்துக்குப் போகும். சமையல் ஆகும் வரைக்கும் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு மனசுக்குள் ஒரு கேள்வி இருந்தது. அதை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த தை மாதம் விழுப்புரத்திலேயே ஒரு மண்டபத்தில் மாமாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். பந்தி முடிந்து, பெரியவர்கள் எல்லோரும் மேடைக்கு எதிரே நாற்காலி போட்டுக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் தலையைத் திருப்பியபோது காதில் ஜிமிக்கி ஆடியது. பச்சைக் கல். நடுவில் ஒரு சிவப்புக் கல்.

"அத்த! காணாமப் போன ஜிமிக்கி ஒங்க காதுலயே கீது!"

நாகஸ்வரம் நின்றிருந்த நேரம். நான் கத்தியது மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கும். அத்தையின் கை விருட்டென்று காதுக்குப் போய் ஜிமிக்கியைப் பொத்தியது. நான் விடவில்லை.

"மாமா, பாருங்க மாமா, அத்த கை காதுக்குப் போவுது!"

மாமா பார்க்கவில்லை. வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு, மண்டபத்தின் கூரையில் கட்டியிருந்த பூச்சரங்களை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். திண்டிவனம் மண்டிக்கு வருகிற அத்தனை பேரின் கையையும் படிக்கத் தெரிந்தவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த கை அன்றைக்குத் தெரியாமல் போய்விட்டது.

அத்தைக்கு மூச்சு வந்ததும், "அது அப்பவே கெடைச்சுதுடி, அடுத்த வாரமே. தட்டுலருந்து உருண்டு கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல மாட்டிக்கினு இருந்துது" என்றாள். பிறகு சுற்றிப் பார்த்து, "இத்த ஒரு சேதின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினா இருப்பாங்க?" என்று கேட்டாள்.

காணாமல் போனதை ஊரெல்லாம் சொன்னவள் இதைக் கேட்டாள். அன்றைக்குக் கட்டிலை நகர்த்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கூடையைக் கவிழ்த்தார்கள், பூசாரியிடம் ஓடினார்கள், அம்மாவின் வாய்க்குள் தேடினார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு எட்டு போய்க் குனிந்து பார்க்கவில்லை.

மாமா பூச்சரத்திலிருந்து இறங்கி வந்தார். "அரிசி பொய் சொல்லாது. எடுக்கலன்னாலும் எடுக்கணும்னு மனசுல நெனைச்சிருக்கும், அதான் காட்டிச்சு" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தலையாட்டினார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது கேட்பார் என்று பார்த்தேன். அவர் அந்தக் குழந்தைச் சிரிப்பைச் சிரித்து, "கெடைச்சுதே, அதுவே போதும்க்கா" என்றார். அத்தை இடுப்பைத் தட்டிக் காட்டாத குறைதான்.

நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று ஞாபகம் இல்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தாள், அப்பாவும் என் பக்கம் திரும்பினார். அவர்களுக்கு முன்னால் அம்மா வந்து என் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். அவள் என்னை அடித்ததே கிடையாது. என் கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பந்திக்குப் பின்னால் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எப்படியும் என் மேல் ஒரு கை விழப்போகிறது, அது தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று அவள் முந்திக்கொண்டது எனக்கு அன்றைக்கு எங்கே தெரியும்? அம்மாவும் அவர்கள் பக்கம் போய்விட்டாள் என்று தேம்பித் தேம்பி அழுதேன்.

அங்கே யாரும் இல்லை. குழாய் வரிசைக்கு எதிரே எச்சில் இலைகளைக் குவித்திருந்தார்கள். அம்மா என்னைத் திண்டில் உட்காரவைத்து, அடித்த கன்னத்தைக் கட்டைவிரலால் தடவ ஆரம்பித்தாள். எனக்கு வலி எப்போதோ நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. கன்னத்தையும் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், அதே இடத்தை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில், இத்தனை மாதமாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"நீதான் எடுக்கலையே. அப்பறம் ஒன் அரிசி மட்டும் ஏம்மா நனையவே இல்ல?"

அம்மாவின் விரல் நின்றது.

"கல்யாணமாயி அவங்க ஊட்டு வாசப்படிய மிதிச்ச நாள்லருந்து, அங்க போனா எனக்கு நாக்கு நனைஞ்சதே இல்லடி" என்றாள்.

எனக்கு அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்தவளுக்கு இத்தனை வருஷமாகக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காத பாவிகள் என்று நினைத்தேன். திண்டிலிருந்து குதித்துப் பந்திக்கு ஓடினேன். ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, குடிம்மா என்று நீட்டினேன். அம்மா வாங்கி அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். தாகம் தீர்ந்துபோச்சா என்று கேட்டேன். தீர்ந்துபோச்சு என்றாள். நான் நம்பினேன்.